கராத்தே மிட்ஸ் ரெண்டு சோடி: ஒரு வருஷம் கோல்ஃபேஸ் புல்லில பாவிச்ச பிறகு

போன வருஷம் ஆனியில வேண்டின மிட்ஸ் இது, கராத்தே விளையாடேக்க கையில போடுற ஃபோம் வச்ச உறை. சிவப்பு ஒரு சோடி, நீலம் ஒரு சோடி, கொழும்பிலயே ஒரு விளையாட்டுச் சாமான் கடையில. கம்பனிப் பேரையும் கடைப் பேரையும் போடேல்ல, ஏனெண்டா இதே மாதிரிச் சாமான் வேற வேற லேபிளோட நிறையக் கடையில தொங்குது, பேர் தெரியிறதை விட இந்த வகை எப்பிடி உழைக்குது எண்டு தெரிஞ்சாத்தான் உங்களுக்கு உதவும். வெளியில ரெக்சின் மாதிரி தோல், உள்ளுக்க ஃபோம், உள்ளங்கைப் பக்கம் திறந்தது, விரலுக்கு இலாஸ்டிக் வளையம், மணிக்கட்டில வெல்க்ரோ பட்டி. பெருவிரல் மூடாத வகை. உலகக் கராத்தே சம்மேளனத்தின்ர அங்கீகார முத்திரை இதில இல்ல, அதால பெரிய போட்டிக்குப் போறாக்களுக்கு இது சரிவராது. நாங்க போட்டிக்குப் போறேல்ல.

நாங்கெண்டா நானும் அக்காவும். கூடப்பிறந்த அக்கா இல்ல, டொஜோவில, அதுதான் கராத்தே பழகிற இடத்தில, எனக்கு முந்தியே கறுப்பு பெல்ட் கட்டினவ, வெள்ளவத்தையில எங்கட வீட்டில இருந்து ரெண்டு ஒழுங்கை தள்ளி இருக்கிறா. கிழமை நாளில ஹோலில கிளாஸ் இருக்கு, ஆனா ஞாயிற்றுக்கிழமையில ஹோல் டியூஷனுக்குப் போயிடும், அதால ஞாயிறு வெள்ளன அஞ்சரைக்கே நாங்க ரெண்டு பேரும் 100 பஸ் பிடிச்சு கொழும்புக் கடலோரப் புல்வெளியான கோல்ஃபேஸுக்குப் போயிடுவம். முதல்ல வெள்ளவத்தைக் கடற்கரையிலதான் பழகிப் பாத்தம், தண்டவாளத்தைக் கடந்து இறங்கினா ஒடுங்கின மணல், கல்லு, இடைக்கிட போத்தல் ஓடு வேற, ரெண்டு கிழமையிலயே விட்டுட்டம். மணலில கால் புதையுறதால பாய்ஞ்சு உள்ள போறது மெதுவாகும், கெண்டைக்கால் நோகும், உடம்புக்கு நல்ல வேலைதான், ஆனா கைத்தூரம் பழகிறதுக்கு அந்த நிலம் உதவாது.

கோல்ஃபேஸ் வேற கதை. சமனான தரை, காலையில ஆக்கள் குறைவு, சூரியன் ஷங்கிரிலா ஹோட்டல் பக்கத்துக் கட்டடங்களுக்குப் பின்னாலதான் ஏறும், அதால கனநேரம் நிழல் கிடைக்கும், ஒருத்தற்ற கண்ணிலயும் வெயில் அடிக்காது. அங்க கடலோரமா இருக்கிற நடைபாதை 1859 இல ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் காலத்தில முடிச்சது, கொழும்பில இருக்கிற பெண்கள், பிள்ளையளின்ர நன்மைக்காக இதைப் பாத்துக்கொள்ளோணும் எண்டு பின்னால வாற ஆளுநர்மாருக்குச் சொல்லி ஒரு கல்லு வச்சிருக்கு. அந்தக் கல்லுக்குக் கிட்டவா ரெண்டு பொம்பிளையள் நிண்டு கராத்தே பழகிறது எனக்கு ஒவ்வொரு முறையும் மனசுக்கு நிறைவா இருக்கு. போட்டித் தளம் எட்டு மீட்டர் சதுரம், நாங்க எட்டு எட்டு வச்சு அளந்து நாலு மூலைக்கும் எங்கட நாலு செருப்பை வச்சிடுவம், அதுதான் எல்லை. அதுக்குள்ள முதல்ல வெறுங்காலோட மெதுவா நடந்து கல்லு, குச்சி, சோளம் விக்கிறாக்கள் விட்டுப் போன ஈர்க்கு எல்லாம் பொறுக்கிப் போட்டுட்டுத்தான் வணக்கம் வைக்கிறது.

இப்ப மிட்ஸுக்கு வாறன். அளவுதான் முதல் பிரச்சினை. எனக்கும் அக்காவுக்கும் கை சின்னன், எஸ் அளவு வேணும், கடையில எம் தான் இருந்தது, "எம் எடுங்கோ மிஸ், இலாஸ்டிக் தானே, பிடிச்சுக்கொள்ளும்" எண்டு அங்க நிண்ட தம்பி சொன்னார், நாங்களும் அவசரத்தில எடுத்திட்டம். பிடிக்கேல்ல. கை காய்ஞ்சிருக்கேக்க ஓரளவுக்கு நிக்கும், பத்து நிமிஷத்தில வேர்த்தா ஃபோம் துண்டு குத்துற விரல் முட்டியில இருந்து வழுக்கி விரல் பக்கம் போயிடும், பிறகு நீங்க குத்தேக்க முன்னுக்கு வாறது ஃபோம் இல்ல, உங்கட முட்டி எலும்பு. இதை நான் பெருசாச் சொல்லக் காரணம் இருக்கு. மிட்ஸ் நாங்க போடுறது எங்கட கைக்காக எண்டு நினைச்சுத்தான் வேண்டுறம், ஆனா அது போய்ப் படுறது மற்ற ஆளின்ர முகத்தில. அதால கடைக்குப் போகேக்க பழகிற ஆளையும் கூட்டிக்கொண்டு போங்கோ, நீங்க போட்டுக் குத்திப் பாக்கிறது மட்டும் காணாது, அவவைப் போடச் சொல்லி உங்கட உள்ளங்கையில நாலைஞ்சு தரம் குத்தச் சொல்லிப் பாருங்கோ, எது உறைக்குது எண்டு உடன தெரியும்.

ஃபோமின்ர தடிப்புத்தான் அடுத்த விஷயம், இந்த மிட்ஸ் எனக்குப் பிடிச்சதுக்கும் அதுதான் காரணம். மெல்லிசு. கையில எடுத்துப் பாத்தா ஐயோ இது என்னத்தைத் தடுக்கப் போகுது எண்டு நினைப்பீங்கள், நானும் நினைச்சன், அக்காட்ட சொல்லிப் போட்டு இடையில ஒரு மாசம் அவட தம்பி ஜிம்முக்குப் போடுற பொக்ஸிங் க்ளவ்ஸ் ரெண்டு சோடியை வேண்டிப் பழகினம். நல்ல பெரிய பஞ்சு, பாதுகாப்பு எண்டு நினைச்சம். நடந்தது நேர்மாறு. முகத்துக்குப் போற குத்தை நிப்பாட்டாம விட்டிடுறம், ஏனெண்டா பட்டாலும் நோகாது எண்டு கை நினைக்குது, முதல் கிழமை மெதுவா, ரெண்டாம் கிழமை கொஞ்சம் கூட, மூண்டாம் கிழமை ரெண்டு பேரும் வீட்டுக்குப் போய் தலையிடியோட படுத்தம். தோல் வெடிக்கேல்ல, கன்னம் வீங்கேல்ல, ஆனா தலை ஆடினது ஆடினதுதான். தடிச்ச பஞ்சு முட்டியைக் காப்பாத்தும், தோல் கிழியிறதைக் குறைக்கும், மண்டைக்குள்ள இருக்கிறது குலுங்கிறதை அது தடுக்காது. இன்னொண்டு, அந்தக் க்ளவ்ஸோட கையை விரிக்க ஏலாது, தட்டி விலக்கிறது, பிடிச்சு இழுக்கிறது ஒண்டும் வராது, கைத்தூரமும் மாறிப்போகும். அதோட அதைத் திருப்பிக் குடுத்திட்டு இந்த மெல்லிசு மிட்ஸுக்கே வந்திட்டம்.

மெல்லிசு மிட்ஸ் என்ன செய்யுதெண்டா, பட்டது உங்கட கைக்கே விளங்கும். யப்பான்காரர் சுன்தொமே எண்டு சொல்லுவினம், ஒரு சுன் தூரத்தில நிப்பாட்டுறது, ஒரு சுன் எண்டா கிட்டத்தட்ட மூண்டு சென்ரிமீட்டர். முகத்துக்கு நாங்க அந்த அளவிலதான் நிப்பாட்டுறம், வயித்துக்கும் நெஞ்சுக்கும் லேசாத் தொடலாம். முழு வேகத்தில போய், மூண்டு சென்ரிமீட்டரில நிக்கிறது கையால மட்டும் நடக்கிற வேலை இல்ல, இடுப்பு, பின்கால் குதி, மூச்சு எல்லாம் சேந்து பிறேக் பிடிக்கோணும். சில நாள் ஒரு சுன் அரை சுன்னாகும், சில நாள் தொட்டிடும். தொட்ட உடன மிட்ஸுக்குள்ளால முட்டிக்கு ஒரு சின்ன அழுத்தம் தெரியும், அந்த அழுத்தத்தில இருந்து அடுத்த குத்தைத் திருத்திக்கொள்ளலாம். பொக்ஸிங் க்ளவ்ஸில இந்தத் தகவல் எனக்கு வரவே இல்ல.

ஒருநாள் அங்க காலமை நடக்க வாற வயசான ஐயா ஒராள் நிண்டு பாத்திட்டு, "பிள்ளையள், ஏன் கிட்டப் போய்ப் போய் நிப்பாட்டுறீங்கள், அடிக்கத் தெரியாதோ?" எண்டு கேட்டார். நல்ல மனசோடதான் கேட்டவர். அக்கா ஒண்டும் சொல்லேல்ல, "ஐயா, உள்ளங்கையை இப்பிடிப் பிடியுங்கோ" எண்டு அவற்ற கையை நெஞ்சுக்கு முன்னால பிடிக்க வச்சு, பின்கையால ஒரு நேர்க்குத்து, கியாகு சுக்கி, விட்டா. கையில படேல்ல. ஐயா கையை எடுக்காம அப்பிடியே நிண்டு, "காத்து வருது பிள்ள, இன்னொருக்கா விடுங்கோ" எண்டார். மூண்டு தரம் விட்டவ. அண்டையில இருந்து அவர் எங்களைக் கண்டா கையை உயர்த்தித்தான் போறவர்.

எங்களிட்ட ஒரு ஒழுங்கு இருக்கு, இது அக்கா கொண்டு வந்தது. ரெண்டு பேர் தனியப் பழகேக்க நடுவர் இல்ல, கொடி இல்ல. போட்டியில குத்துக்கு யூகோ ஒரு புள்ளி, உடம்புக்கு உதைச்சா வசாரி ரெண்டு, தலைக்கு உதை, இல்லாட்டி விழுந்தவர் மேல சரியாப் போட்ட அடி எண்டா இப்பொன் மூண்டு. நாங்க புள்ளி எண்ணுறேல்ல. ஆனா பட்டதோ படேல்லயோ எண்டு தெரியோணும் தானே, அதுக்கு "அடிச்ச ஆள் சொல்லக்கூடாது, வாங்கின ஆள்தான் சொல்லோணும்" எண்டு அக்கா முதல் நாளே சொல்லிப்போட்டா. என்ட விலாவில அவட குத்து தொட்டா நான் உடன கையைத் தூக்கி "பட்டது" எண்டு சொல்லோணும், அவ பின்னுக்குப் போவா, திரும்பத் தொடங்குவம். முதல் மாசம் எனக்கு இது சரியான கஷ்டம். பட்டதும் உடம்பு உடன திருப்பி அடிக்கத்தான் பாக்கும், வாய் திறக்காது. இப்ப வாய் முந்துது. அதோட ஒண்டு கண்டனான், நான் ஒழுங்காச் சொல்லச் சொல்ல அக்காட குத்து இன்னும் லேசாகுது, ஏனெண்டா தான் தொட்டதை நான் மறைக்க மாட்டன் எண்டு அவவுக்கு நம்பிக்கை, எனக்கு விளங்கோணும் எண்டு உறைப்பா அடிக்கத் தேவையில்ல. மெல்லிசு மிட்ஸும் இந்த ஒழுங்கும் சேந்தாத்தான் வேலை செய்யும். பக்கத்தில பழகிற ஆள் பட்டதை ஒத்துக்கொள்ளாத ஆளெண்டா எந்த விலை மிட்ஸும் உங்களுக்கு உதவாது, தயவுசெய்து அப்பிடி ஆளோட முகத்துக்கு விளையாடாதீங்கோ.

கட்டுப்பாடு எண்டது ஏதோ புதுசாப் பழகிறாக்களுக்கு மட்டும் சொல்லுறது எண்டு நினைக்கிற ஆக்கள் இருக்கினம். டோக்கியோ ஒலிம்பிக் இறுதிப் போட்டியைத் தேடிப் பாருங்கோ, 2021 ஓகஸ்ட் 7, நிப்பொன் புடோக்கான் மண்டபம், 75 கிலோவுக்கு மேல ஆம்பிளையள் பிரிவு. சவூதியின்ர தாரெக் ஹமெதி 4-1 எண்டு முன்னுக்கு நிக்கிறார், ஒரு உதை தலைப் பக்கம் பட்டு ஈரானின்ர சஜாத் கஞ்சசாதே மயங்கி விழுந்திட்டார். கூடின அடி எண்டு நடுவர்மார் ஹமெதியைத் தகுதிநீக்கம் செய்து தங்கம் கஞ்சசாதேக்குப் போனது. அதுதான் சரியோ பிழையோ எண்டு இண்டைக்கும் எங்கட டொஜோவில வாதாடுவினம். எனக்கு அதில விளங்கினது வேற. உலகத்திலயே முன்னுக்கு நிக்கிற ஆள், கால் உறை போட்டிருந்தும், ஒரு கணம் தூரம் பிழைச்சா அவ்வளவு நடக்குது. நாங்க காலமை தேத்தண்ணி குடிக்காம வந்து புல்லில நிக்கிற ஆக்கள், எவ்வளவு கவனமா இருக்கோணும். அதால தலைக்கு உதைக்கிறதெண்டா நாங்க காலைத் தூக்கி, தோள் உயரத்தில வச்சு, காட்டிட்டு இறக்கிறது மட்டும்தான்.

எங்களுக்கும் ஒருக்கா பிழைச்சது. ஐப்பசி மாசம், முதல் நாள் பின்னேரம் இடியோட மழை, காலமை பாக்கப் புல்லு காய்ஞ்ச மாதிரி இருந்தது, அடியில ஈரம். நான் முன்கையால குத்து, கிஸாமி சுக்கி, போட்டுக்கொண்டு உள்ள போறன், அக்கா அதே நேரம் பின்கையால வாறா, என்ட முன்கால் வழுக்கி நான் நினைச்சதை விட ஒரு முழம் முன்னுக்குப் போயிட்டன். அவ நிப்பாட்டின இடத்தில என்ட மூக்கு. பெருசா இல்ல, ரத்தம் கொஞ்சம் வந்தது, அவ மிட்ஸைக் கழட்டி எறிஞ்சிட்டு என்னை முன்னுக்குக் குனிய வச்சு மூக்கின்ர மெதுவான பக்கத்தை நெரிச்சுப் பிடிச்சுக்கொண்டு பத்து நிமிஷம் இருந்தா, நான் அழேல்ல, அவ அழுதிட்டா. அவட குத்தில பிழை இல்ல, மிட்ஸில பிழை இல்ல, தரையைப் பாக்காதது ரெண்டு பேரின்ர பிழை. அதுக்குப் பிறகு மழை பெய்த அடுத்த நாள் முகத்துக்கு விளையாடுறதில்ல, நிலையையும் கட்டையாக்கி வைக்கிறது, கால் வாருறது எந்த நாளும் இல்ல, ஏனெண்டா டொஜோவில மாதிரி விழுந்தா தாங்க மெத்தை இல்ல. சோளகக் காத்து காலத்தில கடலில இருந்து உப்புத் தண்ணி தூவும், அப்பவும் புல்லு வழுக்கும், பாத்து நில்லுங்கோ.

வாய்க்குப் போடுற கார்ட் பற்றிக் கனக்கச் சொல்ல இல்ல, கட்டாயம் போடுங்கோ. கொதிதண்ணியில போட்டு எடுத்துக் கடிச்சு அச்சுப் பதிக்கிற வகை காணும், பெட்டியில எத்தனை செக்கன் எண்டு போட்டிருக்கோ அதுக்கு மேல தண்ணியில வைக்காதீங்கோ, நான் முதல் ஒண்டைக் கூட நேரம் வச்சு அது சுருங்கிப் பழுதாப் போச்சு. அக்காவுக்கு முன்பல்லுக்கு கிரவுண் கட்டியிருக்கு, அவ பல்லு டொக்டரிட்ட கேட்டு அங்கயே அச்செடுத்துச் செய்விச்சவ, விலை கூட, ஆனா போட்டுக்கொண்டு கதைக்க ஏலும், "பட்டது" எண்டு சொல்லவும் ஏலும்.

கால் உறையும் அதே கடையில எடுத்தம், முழங்காலுக்குக் கீழ வாற துண்டும் பாதத்துக்கு மேல வாற துண்டும் கழட்டிப் பூட்டுற வகை. இதில எனக்குத் திருப்தி இல்ல. ஹோலுக்கு நல்லது, புல்லுக்குச் சரியில்ல. பாதத் துண்டின்ர அடிப்பட்டி உள்ளங்காலுக்குக் கீழால போகுது, அது ஈரம் பட்டா வழுக்கும், மூண்டே மாசத்தில தேஞ்சும் போச்சு. அதைக் கழட்டிட்டு உதைச்சா மற்ற ஆளின்ர முழங்கையில பாதம் போய் முட்டும், எனக்கு ஒரு கிழமை சப்பாத்துப் போட ஏலாமல் வீங்கினது. இப்ப காய்ஞ்ச நாளில முழுசாப் போடுறம், ஈரமெண்டா கழட்டிட்டு இடுப்புக்கு மேல உதைக்கிறேல்ல. சப்பாத்தோட பழகலாமோ எண்டு கேட்டால், அசைவு மட்டும் பழகிறதுக்குச் சரி, உதைக்கிறதெண்டா வேண்டாம், சப்பாத்தின்ர விளிம்பு பட்டா சரியா நோகும்.

உழைப்புக்கு வருவம். நாலாம் மாசம் சிவப்பு மிட்ஸில உள்ளங்கைப் பக்கத் தையல் விட்டது, கடையில காட்டினம், தையலுக்கு உத்தரவாதம் இல்ல எண்டிட்டினம். பிறகு வெள்ளவத்தையில சப்பாத்து தைக்கிறவரிட்டக் குடுத்தம், அவர் நைலோன் நூலால ரெண்டு வரி போட்டுத் தந்தார், அந்த இடம் இண்டை வரைக்கும் அசையேல்ல. அவர் நீலத்தையும் வேண்டிப் பாத்திட்டு "இதுவும் விடும், இப்பவே தைப்பம்" எண்டு சொல்லி அதையும் தைச்சார். வெல்க்ரோவில புல்லுத் தூள் ஏறினால் பிடிக்காது, பழைய பல்லுத் தேய்க்கிற பிரஷ்ஷால தட்டி எடுங்கோ. இலாஸ்டிக் இப்ப நல்லா நெகிழ்ந்து போச்சு, எம் அளவு எடுத்த பிழை இதோட ரெட்டிப்பாத் தெரியுது. மணத்துக்கு என்ன செய்யிறதெண்டு கனபேர் கேப்பினம். தண்ணியில ஊறப் போடாதீங்கோ, ஃபோம் தண்ணி குடிச்சா காயாது. வீட்டுக்கு வந்த உடன ஈரத் துணியில கொஞ்சம் வினாகிரி விட்டு உள்ளுக்கும் வெளியிலும் துடைச்சு, உள்ளுக்க பத்திரிகைத் தாளைச் சுருட்டி வச்சு, ஃபானுக்குக் கீழ போடுங்கோ. வெயிலில போட்டா தோல் வெடிக்கும், என்ட சிவப்பில பெருவிரல் பக்கத்தில வெடிச்சிருக்கு, அம்மா நல்ல எண்ணத்தில பல்கனி வெயிலில ஒருநாள் முழுக்கப் போட்டு எடுத்தவ. கடல் காத்தில நிண்ட நாளில உப்பும் துடைக்கோணும்.

விலை நான் எடுக்கேக்க ஒரு சோடி 4,800 ரூபா, இப்ப மாறியிருக்கும். அந்தக் காசுக்கு ஒரு வருஷம், ஞாயிறு ஞாயிறா, வெளியில, வேர்வையிலயும் உப்பிலயும் உழைச்சிருக்கு, தைச்ச கூலியோட பாத்தாலும் எனக்குக் காசு வீணாப் போகேல்ல. போட்டிக்குப் பழகிற பிள்ளையளுக்கு எடுக்கிறீங்களெண்டா முத்திரை உள்ளதையே எடுங்கோ, இல்லாட்டி ரெண்டு தரம் செலவு. சாக்குக்குக் குத்திறதுக்கு எண்டா இது வேண்டாம், மணிக்கட்டுக்குப் பிடி காணாது. நல்லாத் தெரிஞ்ச, நம்பிக்கையான ஆளோட லேசா விளையாடுறதுக்கு எண்டா இந்த வகையைத் தயங்காம எடுக்கலாம், உங்கட சரியான அளவு வரும்வரைக்கும் காத்திருந்து எடுங்கோ.

கராத்தே பிறந்த ஒக்கினாவாத் தீவில முந்தி ஹோல் ஒண்டும் இல்ல, பழைய கராத்தே ஆசான் ஃபுனாகொஷி தன்ர ஆசிரியர் அசாத்தோ வீட்டுக்கு இரவிலதான் போய் முற்றத்தில நிண்டு பழகினவர் எண்டு எங்கட சென்செய், அதுதான் எங்கட கராத்தே மாஸ்டர், சொல்லுறவர். அது நினைவு வரேக்க ஹோல் இல்லாத ஞாயிறு எங்களுக்கு ஒரு குறையாத் தெரியிறேல்ல.

கடைத் தம்பி போன கிழமை ஃபோன் எடுத்தவர், எஸ் அளவு வந்திருக்காம். சனிக்கிழமை நானும் அக்காவும் சேந்து போறம், இந்த முறை போட்டு, வேர்க்கிற வரைக்கும் அங்கயே நிண்டு ஒருத்தற்ற கையில ஒருத்தர் குத்திப் பாத்திட்டுத்தான் காசு குடுக்கிறது. அக்கா நீலம் தனக்கெண்டு இப்பவே சொல்லி வச்சிட்டா.